அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும்போது: மருந்துக் குழப்பங்களைத் தவிர்ப்பது எப்படி?

அறுவை சிகிச்சை தேவைப்படும் நோயாளி பல இடங்களைக் கடந்து செல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரம்பலூர் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தேவைப்படின் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அவர் அனுப்பப்படலாம். பின்னர் வீடு திரும்பி, உள்ளூரிலேயே சிகிச்சையைத் தொடர்கிறார். ஒவ்வோர் இடத்திலும் மருந்துகள் மாறக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கமும் இத்தகைய இடமாற்றங்களைத் தன் மூன்று முதன்மைக் கவனப் பகுதிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

பிழைகள் எவ்வாறு நேர்கின்றன?

• நிறுத்திய மருந்து மீண்டும் தொடங்கப்படாமை: குளோபிடோகிரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் சில அறுவை சிகிச்சைகளுக்கு முன் நிறுத்தப்படுகின்றன. அவற்றை மீண்டும் தொடங்கத் தவறினால், இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்கு மாரடைப்பு ஏற்படலாம்.

• ஒரே மருந்தை இருமுறை உட்கொள்ளுதல்: எக்கோஸ்பிரின் என்ற வணிகப் பெயரில் விற்கப்படுவதும் ஆஸ்பிரினே. கடையில் வாங்கியதையும் அரசு மருத்துவமனையில் பெற்றதையும் சேர்த்து உட்கொண்டால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும்.

• பழைய மருந்தைத் தொடர்தல்: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் 2021 முதல் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. மருத்துவமனையில் மாத்திரைக்குப் பதிலாக இன்சுலின் பரிந்துரைக்கப்பட்ட பின்னரும் பழைய மாத்திரையைத் தொடர்ந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்

உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் அட்டையுடன் ஒரே பையில் எடுத்துச் செல்லவும். சித்த மருந்துகள், கடையில் வாங்கிய வலி மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் தவறாமல் தெரிவிக்கவும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

வீடு திரும்பும் நாளில் கேட்டறிய வேண்டியவை

1. பழைய மருந்துகளுள் எவற்றைத் தொடர வேண்டும்?
2. எவற்றை நிறுத்த வேண்டும்? மீண்டும் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்?
3. புதிய மருந்துகள் எவை? எத்தனை நாட்களுக்கு?
4. மறுபரிசோதனைக்கு எங்கு, எப்போது வர வேண்டும்?

விடைகளை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருமாறு கேட்கவும். உள்ளூர் மருத்துவர் அச்சீட்டைக் கொண்டே சிகிச்சையைத் தொடர்கிறார். எனவே அதைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

வீடு திரும்பிய பின்

சில நாட்களுக்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டையும் எல்லா மருந்துகளையும் காண்பிக்கவும். மாத்திரை வழங்க வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் மாற்றங்களைத் தெரிவிக்கவும். நிறுத்தப்பட்ட மருந்துகளைத் தனியே வைக்கவும். மருந்து வழங்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரே ஏற்பது நலம்.

உடனடிக் கவனத்திற்கு

கருநிற மலம், நிற்காத இரத்தக்கசிவு, நெஞ்சுவலி, நடுக்கத்துடன் கூடிய வியர்வை, மயக்கம், முக வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி 108 எண்ணை அழைக்கவும். மருந்து குறித்த ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.