உலக்கைப் பாட்டும் இசைத்தட்டும்

மகளிர் உலக்கை பற்றிக் குற்றுங்காற் பாடும் பாட்டை வள்ளைப்பாட்டு என்பர். இளங்கோவடிகள் அதனைச் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அமைத்து, மூவேந்தரையும் அதனாலேயே போற்றினார். அங்கே குற்றப்படுவது நெல்லன்று, முத்து! முத்துக்குளித்த மன்னார்க் கடலோரத்தில் அதனைக் கற்பிக்கும் எனக்கு அவ்விடம் தனியே இனிக்கும்.

அவ்வுலக்கையொலி 1976இல் இசைத்தட்டில் ஏறியது. 'அன்னக்கிளி' திரைப்படத்தில் எஸ். ஜானகி பாடிய நெல்குற்றும் பாடலைக் கேளாதார் அரியர். இசையமைத்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனுடன் ஊரூராய்ப் பாடித் திரிந்தவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றவர். இத்துணையும் கற்றவர் தம் முதற்படத்திலேயே பண்ணைப்புரத்து மெட்டுக்கு மீண்டார். மேனாட்டுக் கருவிகளும் உடனொலித்தன. அதனை நான் குறையாகக் கொள்ளேன். கற்றதை மறைத்து நாட்டுப்புறத்தாராக நடிப்பதன்றோ குறை!

அமெரிக்காவிலும் இத்தகைய மீட்சி உண்டு. டென்னசி மலைநாட்டிற் பிறந்த டாலி பார்ட்டன், திரைப்புகழும் நகரிசைப் புகழும் கண்டபின், 1999இல் 'தி கிராஸ் இஸ் புளூ' என்னும் இசைத்தொகுப்பில் மலைநாட்டாரின் பாஞ்சோவுக்கும் ஃபிடிலுக்கும் திரும்பினார்.

இவ்விருவரும் மீண்டபோது ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊரே பெயர்க்கப்பட்டால் பாட்டு எங்ஙனம் மீளும்? 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி மக்கள், வடபுலத்து ஏனைய முஸ்லிம்களோடு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தோர் பலர். உடுத்த துணியோடு செல்வார் உரலையா சுமப்பர்? 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டவர்களுக்கு நெல்குற்ற ஆலை இருந்தது, உலக்கைக்கு வேலையில்லை.

வள்ளைப்பாட்டுப் பாடம் நடத்துகையில், ஊரில் வழங்கும் உலக்கைப் பாட்டொன்று கொணருமாறு மாணவியரைக் கேட்டேன். எல்லோரும் திரைப்பாடலையே பாடினர். ஒருத்தி மட்டும் மறுநாள் தன் உம்மம்மாவை அழைத்து வந்தாள். அம்மூதாட்டி, "சொல்லெல்லாம் மறந்து போச்சு, சேர்" என்றார். பின்னர் மேசைமீது உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். உலக்கை விழும் அதே இடைவெளி. கை தட்டத் தட்ட, நா இரண்டடிகளைத் தந்தது. மூன்றாம் அடிக்கு நெடுநேரம் தட்டினார்; வரவில்லை.

இரண்டடிகளையும் கைப்பேசியிற் பதிந்துகொண்டோம். எஞ்சிய அடிகள் புத்தளத்திலேயே தங்கிவிட்ட தம் தங்கைக்குத் தெரியும் என்கின்றார். வரும் விடுமுறையில் நாங்கள் அங்குச் செல்கின்றோம்.