எலுமிச்சம்பழமும் தோட்டத்து இலையும்: கோடைக்கு நம் கடைச் சரக்கிலேயே ஒரு பானம்



பங்குனி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குடிக்க ஜில்லென்று ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். நம்மில் பலர் உடனே குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறோம். பக்கத்துக் கூடையிலோ எலுமிச்சம்பழம் வாடிக்கொண்டிருக்கிறது. அந்நியக் குளிர்பானங்களை 2017 மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தது பலருக்கும் நினைவிருக்கும். விற்க மாட்டோம் என்பது பாதி வேலைதான். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே மீதி வேலை. அதற்கு இலை மணமேற்றிய எலுமிச்சைச் சாறு நல்ல பதில் என்பது மண்டிக்காரனான என் கருத்து.

பழம் பார்ப்பது

புளியங்குடியிலிருந்து வந்தாலும் ஆந்திரத்துக் கூடூரிலிருந்து வந்தாலும் பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தோல் மெல்லியதாக, மஞ்சளாக, கைக்குக் கனமாக இருந்தால் சாறு அதிகம். தடித்த பச்சைத் தோலில் சாறு குறைவு. நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 20 மில்லி சாறு கிடைக்கும். தோல் சற்று வாடிய பழம் சாற்றுக்கு ஆகும். அழுகியதும் பூஞ்சை பிடித்ததும் ஆகவே ஆகாது.

எந்த இலை?

புதினா, துளசி, எலுமிச்சைப்புல், எலுமிச்சை இலை, நார்த்தை இலை ஆகியவை ஏற்றவை. நீர்மோரில் நார்த்தை இலை கசக்கிப் போடுவது நம் வீடுகளில் பழைய பழக்கம்தானே. ஒரு நேரத்தில் ஒரு வகை இலை போதும். நாலைந்தைக் கலந்தால் கஷாயம் ஆகிவிடும். மருந்து தெளித்த செடியின் இலையும், பெயர் தெரியாத செடியின் இலையும் வேண்டாம். பறித்த இலையை ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

செய்முறை (1 லிட்டருக்கு)

எலுமிச்சம்பழம் 5, சர்க்கரை 100 கிராம், இந்துப்பு இரண்டு சிட்டிகை. புதினா என்றால் 20 இலை, துளசி 10 இலை, எலுமிச்சைப்புல் 3 தாள், எலுமிச்சை அல்லது நார்த்தை இலை 3.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்குங்கள். இலையை லேசாகக் கசக்கிப் போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். இலையின் மணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. திறந்து கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும். 10 நிமிடத்துக்கு மேல் ஊறினால் நார்த்தை இலை கசக்கும். பிறகு வடிகட்டி, சூட்டோடு சர்க்கரையையும் உப்பையும் கரைத்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பின்தான் சாறு பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் பழத்தின் வைட்டமின் சி வீணாகும், புது மணமும் போகும். இலை கிடக்கும் சுடுநீரிலேயே சாற்றை விட்டால், புளிப்புப் பட்டுப் பச்சை இலை பழுப்பாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், இலைக்கு வெந்நீர், பழத்துக்கு ஆறின நீர்.

கொட்டையை நசுக்காமல், தோலை அழுத்திக் கசக்காமல் பிழிய வேண்டும். பிழிந்த சாறு நேரம் ஆக ஆகத் தானாகவே கசக்கத் தொடங்கும். ஆகவே இலை நீரைக் காலையில் தயார் செய்து வைத்துக்கொண்டு, பழத்தை ஆள் கேட்கும்போது பிழிவதே முறை. மீந்ததை மறுநாள் விற்கக் கூடாது. பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி அல்லது மண்பானையாக இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியத்தில் புளிப்பு வைப்பது ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு உப்பு மட்டும் போட்டுத் தரலாம்.

கடையில் வைக்கும்போது

ஐஸ் போடுவதானால் குடிநீரில் செய்த ஐஸ்தானா என்று விசாரித்து வாங்குங்கள். சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்ற விதி 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீல ஐஸ் பானத்துக்கு உரியதல்ல. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் உறிஞ்சுகுழலுக்கும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கண்ணாடி டம்ளர் வைத்துக் கழுவிக் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் பெற்றுள்ள பதிவில் பானம் தயாரித்து விற்பதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. லிட்டருக்கு 5 டம்ளர், டம்ளருக்கு ஒரு பழம். அன்றைய பழ விலையோடு சர்க்கரை, இலை, ஐஸ், கேஸ், ஆள்கூலி சேர்த்தால் அடக்கம் வந்துவிடும். 2022 ஏப்ரலில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். அப்படி விலை ஏறும்போதுதான் பழத்தைக் குறைத்து எசென்ஸ் ஊற்றும் ஆசை வரும். அதற்கு இடம் தரக் கூடாது. விலையைச் சொல்லி ஏற்றுங்கள், அல்லது பழம் இறங்கும்வரை நிறுத்தி வையுங்கள். வாடிக்கையாளர் இரண்டு ரூபாய் ஏற்றத்தைப் பொறுப்பார், ஏமாற்றத்தைப் பொறுக்க மாட்டார்.

பானம் விற்க வசதியில்லாதவர்கள் 5 பழம், கால் கிலோ சர்க்கரை, ஒரு கட்டுப் புதினா, சிறு பொட்டலம் இந்துப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, செய்முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். கூடையில் வாடும் சரக்கு நகரும். பாட்டிலுக்குப் போகும் காசு விவசாயிக்கும் நமக்கும் வரும். இந்தக் கோடையிலேயே தொடங்கிப் பாருங்கள்.