மலையாற்றுக்குக் குளிக்கப் போகுமுன்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அப்பா, ஆற்றுக்குப் போவோமா?" பேராவில் லாத்தா இஸ்கண்டார், சிலாங்கூரில் உலு லங்காட், உலு யாம் என்று காட்டுக்குள் ஓடும் மலையாறுகளுக்கு நம் நாட்டில் குறைவில்லை. சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் அதிகச் செலவில்லாமல் ஒரு நாள் இன்பமாகக் கழியும். போகவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. போன அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், திரங்கானு மாநிலத்துக் கெமாமானில், ஜெராம் ஆயர் பூத்தே என்னுமிடத்தில், குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க வந்தவர்களில் 10 பேரை ஆற்று நீர் அடித்துச் சென்றது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்திலும் இவ்வாறே உயிர்கள் பலியாயின. மலாய்க்காரர்கள் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீரின் தலை என்பது பொருள்.

இது எப்படி உண்டாகிறது? மழை பெய்யும்போது லயத்துக் கால்வாயில் பிள்ளைகள் மண்ணும் இலையும் போட்டு அணை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் தேங்கி நிற்கும். அணையை உடைத்தால் ஒரே பாய்ச்சலாய் ஓடும். மலையிலும் அதுவே நடக்கிறது. விழுந்த மரங்களும் கிளைகளும் ஆற்றை அடைத்துக்கொள்கின்றன. மேலே பெருமழை பெய்ததும் அந்த அடைப்பு உடைகிறது. அடைப்பே இல்லாவிட்டாலும், செங்குத்தான சரிவுகளில் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்து விரைந்து இறங்கும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலளவு நீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும்.

நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மழை மலையுச்சியில் பெய்துகொண்டிருக்கலாம். ஏமாறுவது இதனால்தான். பால்மரம் வெட்டப் போகுமுன் வானத்தைப் பார்ப்பவர்கள் நாம். ஆற்றில் இறங்குமுன்னும் மலைப்பக்கம் பாருங்கள்.

அடையாளங்கள் சில உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். நீர்மட்டம் உயரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி, பக்கத்து மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஆற்றின் போக்கிலே ஓடாதீர்கள்; நீர் உங்களை முந்திக்கொள்ளும். செருப்பு, சட்டி, பை என்று எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். அக்கரையில் அகப்பட்டவர்கள் அங்கேயே மேட்டில் இருக்கட்டும். நீர் வடியுமுன் ஆற்றைக் கடக்கவேண்டாம்.

காலையிலேயே போய், மதியத்துக்குள் திரும்புங்கள். மலைப்பகுதியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கிறது. ஆற்று நடுவிலுள்ள பாறையிலோ மணல் திட்டிலோ பாய் விரிக்காதீர்கள். பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையிலிருந்து நீரைக் கவனிக்கட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். ஆபத்தில் அழைக்கவேண்டிய எண் 999.

புறப்படுமுன் இன்றிரவே பிள்ளைகளை உட்காரவைத்து, "தண்ணீர் கலங்கினால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "மேட்டுக்கு ஓடுவேன்" என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும். பிறகு மகிழ்ச்சியோடு போய்வாருங்கள்.