ஆசிரியரின் செபமும் வகுப்பறையின் நீதியும்

தவக்காலத்தில் எமது கத்தோலிக்கப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கென ஞான ஒடுக்கம் நடத்தப்படுகின்றது. பிரசங்கம், ஒப்புரவு அருட்சாதனம், திருப்பலி என அந்நாள் நிறைவுறும். மறுநாள் முதலாம் பாடவேளையில் அந்தச் செபம் எங்கே நிற்கின்றது என்பதே இங்கு எம் சிந்தனைக்குரியது.

1950ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பத்திநாதரால் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் புனித ஜோன் பப்டிஸ்ட் டி லா சால். பிரான்ஸ் தேசத்தின் றெய்ம்ஸ் நகரில் 1651இல் செல்வந்தக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், அந்நகர்ப் பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள பதவியொன்றை வகித்த குருவானவர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்களைத் தம் பராமரிப்பில் வைத்திருந்தார். எதிர்காலத்தை எண்ணி அவர்கள் கலங்கியபோது, இறைபராமரிப்பில் நம்பிக்கை வைக்குமாறு போதித்தார். பதவியும் சொத்தும் உள்ளவருக்கு அப்படிப் பேசுவது எளிது, பாடசாலை மூடப்பட்டால் வீதியில் நிற்கப்போவது தாங்களே என்று அவர்கள் மறுமொழி கூறினர். அதிலிருந்த நியாயத்தை அவர் ஏற்றுக்கொண்டார். 1683இல் அப்பதவியைத் துறந்தார். அக்காலத்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது தமது சொத்தையும் ஏழைகளின் பசிபோக்கக் கொடுத்துத் தீர்த்தார். ஆசிரியர்களின் முறைப்பாடு ஒன்று ஒரு குருவானவரின் ஆன்மீகத்தையே மாற்றியமைத்தது. பிரசங்கங்கள் பல சாதிக்காததை அது சாதித்தது எனலாம்.

அமைதியை விரும்புவோர் நீதிக்காக உழைக்க வேண்டும் என்பதையே 1972ஆம் ஆண்டின் உலக அமைதி தினத்திற்குத் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் கருப்பொருளாக்கினார். பாடசாலையில் இந்த நீதி மிகச் சிறிய காரியங்களிலேயே வெளிப்படுகின்றது. கேள்வி கேட்கும்போது எமது கண் எப்போதும் முன்வாங்கையே நாடுகின்றதா? வசதிக்கட்டணம் செலுத்தாத பிள்ளையின் பெயர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படுகின்றதா? தனியார் வகுப்பிற்கு வரும் பிள்ளைக்கு ஒரு முகம், வராத பிள்ளைக்கு வேறு முகமா?

பிரம்பைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை மூலம் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிக்குப் பயந்து அடங்கியிருக்கும் வகுப்பறையை அமைதியான வகுப்பறை என்று நாம் பெருமைப்படலாகாது. சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுகூர்பவன், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகட்டும் என்றார் இயேசு ஆண்டவர். அந்தச் சகோதரன் பத்து வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். அவனிடம் மன்னிப்புக் கேட்பது எந்த ஆசிரியருக்கும் இழுக்கல்ல.

இவ்வாண்டு ஞான ஒடுக்கத்தை ஒழுங்குசெய்யும் அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று தேநீர் தயாரிக்கும் சிற்றூழியர், வாயிலில் நிற்கும் காவலாளி, சொற்ப கொடுப்பனவுடன் கற்பிக்கும் தொண்டர் ஆசிரியர் ஆகியோருக்கும் மண்டபத்தில் கதிரை போடுங்கள். கலந்துரையாடல் வேளையில் அவர்களையே முதலில் பேச விடுங்கள்.