ஐந்தாவது முகம் எங்கே போச்சு?



எதிரணித் தோழர் கேட்டார்: "சாமிக்கு எதுக்கய்யா இத்தனை முகம்? ஒரு முகத்தை வெச்சுக்கிட்டே நாம படற பாடு போதாதா?" நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். தஞ்சாவூரிலே திருவையாறு பஸ் ஏறுங்க. ஆறு மேல ஆறா பாலம் தாண்டினா, வழியிலேயே கண்டியூர். அட்ட வீரட்டானம் எட்டிலே ஆறு நம்ம காவிரிக் கரைச் சீமையில இருக்கு. அதிலே ஒண்ணு இது. சுவாமி பேரே பிரம்மசிரக்கண்டீசுவரர். பிரம்மன் தலையைக் கொய்தவர்!

கதை தெரியுமில்லையா? சிவனுக்கு அஞ்சு முகம். சத்தியோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம். பிரம்மனுக்கும் அப்ப அஞ்சு முகம். அம்பாள் ஒருநாள் தூரத்திலே பார்த்து, நம்ம வீட்டுக்காரர்தான்னு பிரம்மனை வணங்கிட்டா. அவன் என்ன சொல்லியிருக்கணும்? "தாயே, நான் அவரில்லை"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லலையே! தனக்கு வராத கும்பிட்டை வாங்கி வெச்சுக்கிட்டான். போச்சு, ஒரு தலை.

இங்கேதான் கவனிக்கணும். வெட்டினது ஒரு தலையைத்தான். நாலு வேதம் ஓதுகிற நாலு முகத்தையும் சிவன் தொடவே இல்லை. படிப்பு பத்திரமா இருக்கு, கர்வத்துக்குத்தான் கத்தி. அதே கோயில்லே பிரம்மனுக்குத் தனிச் சந்நிதியும் உண்டு, பக்கத்திலே சரஸ்வதியோட. தண்டிச்ச இடத்திலேயே ஆசனம் போட்டுக் கொடுத்திருக்காங்க!

சிவன் கோயில்களிலே வடக்குக் கோஷ்டத்திலே நிற்கிற பிரம்மாவைப் பாருங்க. மூணு முகந்தான் தெரியும். நாலாவது கல்லுக்குள்ளே. குழந்தை "இன்னொண்ணு எங்கேப்பா?"ன்னு கேட்டா, "தேடு"ன்னு விட்டுடுங்க.

சரி, வெட்டினவர் கதை? அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடிச்சிருக்கேன். வெட்டின தலை சிவன் கையிலே ஒட்டிக்கிச்சு. உதறினாலும் போகலை. பிட்சைப் பாத்திரமா அதையே ஏந்தி ஊர் ஊரா அலைஞ்சார். தப்பு செஞ்சவன் பிரம்மன்; தண்டிச்சது நியாயம்; ஆனாலும் பாவம் பரமசிவனையும் விடலை! அந்தச் சாபம் தீர்ந்த இடம்னு சொல்ற அரசாப விமோசனப் பெருமாள் கோயிலும் அதே கண்டியூர்லே, கூப்பிடு தூரத்திலே இருக்கு. திருமங்கையாழ்வார் பாடின தலம். ஒரே ஊரிலே தண்டனைக்கு ஒரு கோயில், தண்டிச்சவர் பாரம் இறங்க ஒரு கோயில்.

"என் பையன் ரெண்டு டிகிரி வாங்கினதும் என்னை மதிக்கலே, பேச்சை அறுத்துட்டேன்"னு சொல்ற அப்பாக்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீங்க. பையன் பண்ணினது தப்புதான், நான் மறுக்கலே. ஆனா அறுத்த பிறகு ராத்திரி தூக்கம் வந்ததா? கையிலே ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கே, அது என்ன?

மணி அடிச்சிட்டார் நடுவர். ஒரே ஒரு தகவல். சித்திரையிலே திருவையாற்று ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலே ஏழூர் சுற்றி வருவார். அந்த ஏழிலே கண்டியூரும் ஒண்ணு. போறவங்க ரெண்டு கோயிலையும் பார்த்துட்டு வாங்க.