கோப்புறையைத் திறந்தால் புதுச் சாளரம் ஏன் முளைக்கிறது?

ஒரு கணினியில் கோப்புறையைச் சொடுக்கினால் அதே சாளரம் மாறுகிறது. இன்னொன்றில் புதுச் சாளரம் முளைக்கிறது. ஏன்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை நினையுங்கள். ஒரு வியாபாரி கத்தரிக்காயை அள்ளிவிட்டு அதே சாக்கில் மிளகாயைப் பரப்புகிறார். மற்றவர் மிளகாய்க்குத் தனிச் சாக்கு விரிக்கிறார். இரண்டையும் அருகருகே பார்க்க அதுதான் வசதி, இடம்தான் போய்விடும்!

விண்டோஸ் 95 இயல்பாகவே இரண்டாமவர் கட்சி. நான்கு கோப்புறை உள்ளே இறங்கினால் திரையில் நான்கு சாளரம். பின்வந்த பதிப்புகள் ஒரே சாக்குக்கு மாறிவிட்டன.

ஆனாலும் முடிவு உங்களுடையது. கோப்புறைத் தெரிவுகளில் ஒரு குறியை மாற்றினால், அது உங்கள் பயனர் கணக்கில் பதிவாகும். கோப்புறையைத் திறக்கும்போது கணினி அந்தக் குறிப்பின்படியே நடக்கும். ஒரே கணினியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனிக் கணக்கு இருந்தால், இருவருக்கும் வெவ்வேறு விதமாகத் திறப்பது அதனால்தான்.

2022இல் விண்டோஸ் 11 தாவல்களையும் சேர்த்தது: சாளரம் ஒன்று, கோப்புறைகள் பல.