அட்டையில் ஒரு நாள் கூட

"மாமா, என்ர ஐசி பிழை."

வெள்ளவத்தையில் என் தமக்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிறு காலை. மருமகன் தரம் 11 படிக்கிறான். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகத் தேசிய அடையாள அட்டை வேண்டுமே, அது முந்தாநாள்தான் அவன் கைக்கு வந்தது. படத்தில் காது பெரிதாக விழுந்துவிட்டது என்று நேற்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இன்றைக்கு இலக்கமே பிழையாம்.

அட்டையில் 12 இலக்கங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. இவன் 2010 மார்ச் 5. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28, மார்ச்சில் 5. கூட்டினால் 64. அட்டையிலோ 065.

"ஒரு நாள் கூடப் போட்டிட்டாங்கள்."

மேசையின் மறுபக்கத்தில் அவன் அக்கா. உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் மீட்டிக்கொண்டிருந்தாள். சார்பு, நேர்மாறு சார்பு என்று கொப்பியில் சிவப்பும் நீலமுமாகக் கோடு. தலை நிமிராமலே சொன்னாள்: "எனக்கு 725. ஒரு வருசத்தில 725 நாளோ இருக்கு? நீ 65க்கு அழுறாய்."

நான் அவளுடைய கொப்பியை மூடச் சொன்னேன். அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பாடம் முழுவதும் அந்த இரண்டு அட்டைகளிலும் இருந்தது.

சார்பு என்பது ஓர் இயந்திரம் மாதிரி. ஒன்றைப் போட்டால் ஒன்று வரும். அதையே திரும்பப் போட்டால் திரும்பவும் அதேதான் வரும், ஒருநாளும் இரண்டு விடை வராது. இங்கே போடுவது பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும். வருவது மூன்று இலக்க எண். ஆண் என்றால் நாளின் எண் அப்படியே. பெண் என்றால் அதோடு 500. அக்கா பிறந்தது ஒகஸ்ட் 12. ஜனவரி முதல் ஜூலை முடிய 213 நாள், அதோடு 12, மொத்தம் 225. 500ஐக் கூட்டினால் 725.

"213 இல்லை மாமா, 212."

விரல் மடித்து எண்ணியிருக்கிறான். கெட்டிக்காரன். அவனுடைய 64க்கும் இதுதான் காரணம். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் வருடமோ இல்லையோ, மார்ச் 1 என்றால் 61தான். அதனால் மார்ச் 5 என்றால் 65. அட்டை சரி.

ஏன் இப்படி? திரும்பி வருகிற வழியை நினைத்துப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் நாளை உள்ளபடி எண்ணினால், 60 என்பது ஒரு வருடத்தில் பெப்ரவரி 29, இன்னொரு வருடத்தில் மார்ச் 1. எண்ணைப் பார்த்துத் திகதி சொல்ல வேண்டுமென்றால் அது லீப் வருடமா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். 29 என்று நிறுத்தி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. முறைப்படி 2010இல் பிறந்த ஒருவரின் அட்டையிலும் 060 வராது, 560உம் வராது. அந்த இடம் சும்மா கிடக்கும். கிடக்கட்டுமே.

இப்படித் திரும்பி வருகிற வழிக்குப் பெயர்தான் நேர்மாறு சார்பு. 725ஐத் தந்தால், முதலில் 500ஐக் கழி: பெண். மிச்சம் 225. அதிலிருந்து 213ஐக் கழி: ஒகஸ்ட் 12. போகும்போது கடைசியாகச் செய்ததை வரும்போது முதலில் அவிழ்க்க வேண்டும். காலுறை போட்டுச் சப்பாத்துப் போடுகிறோம், வீட்டுக்கு வந்து முதலில் கழற்றுவது சப்பாத்தைத்தானே. மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டு என்ற சார்புக்கும் இதே கதை: முதலில் ஐந்தைக் கழித்து, பிறகு மூன்றால் வகுக்க வேண்டும். முதலில் மூன்றால் வகுத்துவிட்டு வந்து நிற்கிற விடைத்தாளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிழையும் உண்டு. நேர்மாறைக் குறிக்க எஃப்பின் தலையில் சின்னதாக −1 போடுகிறார்கள் அல்லவா? அதைப் பார்த்தவுடன் ஒன்றின் கீழ் எஃப் என்று எழுதிவிடுகிறார்கள். 725இன் நேர்மாறு ஒகஸ்ட் 12, 725இல் ஒரு பங்கு அல்ல. அந்தக் குறியீட்டைக் கண்டுபிடித்தவர் வேறு ஏதாவது யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மருமகன் இப்போது அட்டையைக் கீழே வைத்துவிட்டான். "ஏன் 500? 300 கூட்டினா என்ன?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். கூட்டிப் பார்ப்போம். ஜனவரி 20இல் பிறந்த பெண்: 20, அதோடு 300, ஆக 320. நவம்பர் 15இல் பிறந்த ஆண்: ஒக்டோபர் முடிய 305, அதோடு 15, அதுவும் 320. அட்டையில் 320 என்று கண்டால் யார் என்று சொல்வீர்கள்? திரும்பி வர வழி இல்லை. சார்பு இருக்கிறது, நேர்மாறு இல்லை. ஆண்களின் எண்கள் 366 வரை போவதால், கூட்டுகிற எண் குறைந்தது 366 ஆவது இருக்க வேண்டும். 500 என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

இதைத்தான் அக்காவின் கொப்பி 'ஒன்றுக்கொன்றான சார்பு' என்கிறது. வேறு வேறானவை உள்ளே போனால் வேறு வேறு எண்கள் வெளியே வர வேண்டும். உள்ளே போகக்கூடியவை எல்லாம் சேர்ந்தது ஆட்சி, வெளியே வருபவை சேர்ந்தது வீச்சு. (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவை மதிப்பகம், வீச்சகம். யூடியூபில் பாடம் கேட்கிறவர்கள் கவனிக்க.) இங்கே வீச்சு 1 முதல் 366 வரை, பிறகு 501 முதல் 866 வரை. இடையில் உள்ள எண்ணோடு யாராவது அட்டை நீட்டினால்? உதாரணமாக, தமிழ்ப் படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த அந்த 420? நேர்மாறுக்கு விடையே கிடையாது. வீச்சில் இல்லாததை நேர்மாறிடம் கேட்கக் கூடாது.

கொழும்பின் தபால் எண்ணும் ஒரு சார்புதான். வெள்ளவத்தை என்றால் 6, கொட்டாஞ்சேனை என்றால் 13. ஆனால் பாமன்கடைக்கும் 6. ஆகவே 'கொழும்பு 6' என்று மட்டும் எழுதிய கடிதம் எந்த வீட்டுக்குப் போகும்? தபால்காரர் பாவம்.

வர்க்கத்துக்கும் இதே வருத்தம். 3ஐப் போட்டாலும் 9, −3ஐப் போட்டாலும் 9. பூச்சியத்துக்குக் கீழே உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அதாவது ஆட்சியைக் குறுக்கிவிட்டால், 9க்கு 3தான். வர்க்கமூலம் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு வரைபுத்தாளில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் எடுத்து (0, 0), (1, 1), (2, 4), (3, 9) என்ற புள்ளிகளைக் கறுப்பு மையால் அழுத்திக் குறித்து, வளைகோட்டால் இணையுங்கள். எக்ஸ் அச்சு வை அச்சின்மேல் படியும்படி தாளை மூலைவாட்டில் மடித்து, யன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துங்கள். நாங்கள் கடற்கரைப் பக்க யன்னலில் வைத்தோம். (2, 4) இருந்த புள்ளி வெளிச்சத்தில் (4, 2) ஆகத் தெரிந்தது. (3, 9) போய் (9, 3)இல் விழுந்தது. மடிப்பின்மேல் இருந்த (0, 0), (1, 1) இரண்டும் அசையவில்லை. மறுபக்கத்தில் தெரிவதுதான் வர்க்கமூலத்தின் வரைபு. கீழே ரயில் போனபோது கண்ணாடி அதிர்ந்து தாள் விழுந்துவிட்டது, இரண்டாம் முறை வைத்துப் பார்த்தோம்.

மடக்கை அட்டவணையைப் புரட்டுகிற தரம் 11 பிள்ளைகள் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். ஓரத்திலிருந்து உள்ளே போனால் 2க்கு 0.3010. உள்ளே 0.3010ஐத் தேடிப் பிடித்து ஓரத்துக்கு வந்தால் 2. முரண்மடக்கை என்பது வேறொன்றுமில்லை.

மருமகனுக்கு இப்போது கண்ணில் பட்ட அட்டையை எல்லாம் அவிழ்க்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவருடையது பழைய அட்டை: ஒன்பது இலக்கமும் பின்னால் வீ என்ற எழுத்தும். 44684 என்று தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டே இலக்கம்.

"அம்மம்மா 2044இல பிறப்பா," என்றான். 1944க்கும் 2044க்கும் ஒரே 44 என்றால் அதுவும் ஒன்றுக்கொன்று அல்ல. 2016 முதல் வருகிற புது அட்டைகளில் நான்கு இலக்கம் இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

684இல் 500 போக 184. ஜூன் முடிய 182. "ஜூலை 2! சரியா அம்மம்மா?"

மறுமுனையில் சிரிப்பு. "அது என்னைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க அப்பு சொன்ன திகதியடா. நான் பிறந்தது பொங்கலுக்கு மூண்டாம் நாள்."

மருமகன் என்னைப் பார்த்தான். "அப்ப அம்மம்மாவுக்கு ரெண்டு பிறந்தநாள்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு திகதி வந்தா அது சார்பே இல்லை," என்றாள் அக்கா, கொப்பியைத் திறந்தபடி.

"சார்பு இல்லாட்டிப் பரவாயில்லை. கேக் ரெண்டு."